மதிப்பெண்ணை நம்பாத டாக்டர் சகீனா

டாக்டர் சகீனா காலமான செய்தி வந்தபோது தி. நகரில் ஒரு காய்கறிக் கடை வாசலில் நின்றிருந்தேன். "தூக்கத்துலயே போயிட்டாங்க சார்" என்றார் தொலைபேசியில் எங்கள் செவிலியர். நாடி பார்த்தது யார் என்று கேட்டேன். சகீனாவுடன் பல ஆண்டுகள் வேலை பார்த்தவனுக்கு எதையும் உடனே நம்ப வருவதில்லை.

எங்கள் மருத்துவமனையின் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அவர் தலைவர். நான் அறுவை சிகிச்சை மருத்துவன். சகீனா திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். அவர் சேர்ந்த புதிதில், மானிட்டரில் எல்லாம் சரியாக இருந்தும், நான் அறுவை செய்த ஒருவரின் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, "கால் சில்லுனு இருக்கே டாக்டர், மானிட்டர் யாரை ஏமாத்துது?" என்றார். அன்று மாலையே நெஞ்சை மறுபடி திறக்க நேர்ந்தது. உள்ளே ரத்தம் கசிந்திருந்தது.

பிறகு, ஓய்ந்துபோன இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் சுழற்றும் எக்மோ கருவி வந்தது. அதில் இருப்பவர் பிழைப்பாரா என்று கணிக்கும் மதிப்பெண்ணும் கூடவே வந்தது. எங்களுக்குப் பெரிய நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் அவர் சந்தேகித்தார்.

சாந்தோம் குப்பத்திலிருந்து செல்வி என்ற பெண் வந்தார். காய்ச்சலுக்குப் பின் இதயத் தசை வீங்கியிருந்தது. கருவியில் வைத்துச் சில நாள் ஆகியும் இதயம் துடிக்கவில்லை. மதிப்பெண்ணும் மிகக் குறைவு. நிறுத்திவிடலாம் என்றே பலரும் நினைத்தோம். வெளியே கணவருக்கு வேறு சந்தேகம்.

"மெஷின்தான் ஓடிகினு கீது. என் பொண்டாட்டி கீறாளா இல்லையா, அத்த சொல்லு டாக்டர்."

சகீனா கோபப்படவில்லை. அவரை உள்ளே அழைத்துவந்து, செல்வியின் கண்ணில் டார்ச் அடித்தார். கண்மணி சுருங்கியது.

"உயிர் இருக்கு. பிழைப்பாங்களான்னு எனக்குத் தெரியாது."

பிறகு எங்களிடம், "இந்த மதிப்பெண், மெஷின் போடறதுக்கு முந்தின ரத்தப் பரிசோதனையை வச்சுப் போட்டது. நூறு பேரைப் பத்திச் சொல்லுது. அந்த நூறுல இவங்க யாருன்னு அதுக்குத் தெரியுமா?" என்றார்.

பொறுத்தோம். ஒரு காலை, மானிட்டரில் தட்டையாகக் கிடந்த ரத்த அழுத்தக் கோடு லேசாக எழும்பியது. அதையும் நம்பாமல் நெஞ்சில் ஸ்கேன் கருவி வைத்துச் சோதித்தார். இதயம் அசைந்துகொண்டிருந்தது. சில வாரங்களில் செல்வி நடந்தே வீடு திரும்பினார்.

பாராட்டியபோது, "ஒருத்தர் பிழைச்சதை வச்சு என்னை நம்ப ஆரம்பிச்சுடாதீங்க" என்றார். அடுத்து வந்தவருக்கு நல்ல மதிப்பெண். பிழைத்துவிடுவார் என்று சகீனாவும் நம்பினார். அந்த நோயாளி இறந்துவிட்டார். தன் கணிப்பு தவறிவிட்டது என்பதைக் குடும்பத்தாரிடம் சகீனாவே போய்ச் சொன்னார்.

நேற்று சகீனாவின் அடையாறு வீட்டில் அவருடைய அண்ணன், "வலியில்லாமத்தானே போயிருப்பா?" என்று எங்களைக் கேட்டார். மற்ற மருத்துவர்கள் எல்லோரும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள்.

"தெரியல பாய்" என்றேன் நான். "அப்போ அவங்க பக்கத்துல யாரும் இல்லையே."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

அடக்கத்தலத்தில் வரிசையில் நின்று நானும் மூன்று பிடி மண் இட்டேன். மண் ஈரமாக விரலில் ஒட்டியது. போய் வாருங்கள், டாக்டர்.