செருப்புப் போட்ட பேய்

அந்த நாட்களில் என் மகளுக்கு இரண்டரை வயது. ஒரு வார்த்தைகூடப் பேச்சு வந்திருக்கவில்லை. தஞ்சாவூரில் குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு, "காது, தொண்டை எல்லாம் நல்லா இருக்கும்மா. நிறையப் பேச்சுக் கொடுங்க. டிவியைக் குறைங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். பேருந்தில் வரும்போதுதான், யாரோடு பேசுவது என்ற யோசனை வந்தது.

என் கணவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தார். குழந்தை தவழ ஆரம்பித்த சமயம் போனவர். மாமனாரும் மாமியாரும் காலையிலேயே போராட்டப் பந்தலுக்குப் போய்விடுவார்கள். வயல்களின் குறுக்கே எரிவாயுக் குழாய் பதிக்க அளந்து கல் நட்டிருந்தார்கள். எங்கள் நாற்றங்காலிலும் ஒரு கல். வாய்க்கால் மதகை ஒட்டிப் பந்தல் போட்டு ஊரே அங்கே உட்கார்ந்திருந்தது. ஆட்சியில் இருந்த கட்சிக்காரர்களும் இல்லாத கட்சிக்காரர்களும் மாறி மாறி வந்து, மண்தான் நம் தாய் என்று மைக்கில் பேசிவிட்டுக் கார் ஏறிப் போனார்கள். சின்னக் குழந்தையை வெயிலில் தூக்கிவர வேண்டாம் என்று என்னை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். தெருவில் கோழி கிளறும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கும்.

வாசற்படி ஓரத்தில் என் கணவரின் ரப்பர் செருப்பு கிடக்கும். நீல வார். ஆம்பிளைச் செருப்பு கிடந்தால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று நினைப்பார்கள் என்று மாமியார் அதை எடுக்கவிடவில்லை. வாசல் தெளிக்கும்போது தூக்கி வைத்து, பிறகு அதே இடத்தில், அதே மாதிரி சற்று விலக்கிப் போடுவேன். நாளாக ஆக, அது வாசலோடு சேர்ந்துபோய் என் கண்ணில் படுவதே நின்றுவிட்டது.

நான் வேதியியலில் முதுகலை படித்தவள். மருத்துவர் சொன்னதைப் பாடம்போலவே செய்தேன். "இது கரண்டி. இது தட்டு. இது தண்ணி." மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். மதியத்துக்குள் எனக்கு என் குரலே சலித்துவிடும். தவறான வரிசையில் சொல்லிக்கொடுக்கிறேனோ, வேகமாகச் சொல்கிறேனோ, கர்ப்பமாக இருந்தபோது சாப்பிடக் கூடாத எதையாவது சாப்பிட்டுவிட்டேனோ என்று மனம் ஓடும். அப்போதுதான் டிவியைப் போடுவேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சேனலில் பேய்ப் படம் போடுவார்கள். பெரிய படங்கள் அல்ல. ஊர் பேர் தெரியாத நடிகர்கள், ஒரே ஒரு பழைய பங்களா, கிரீச்சென்று திறக்கும் ஒரே கதவு. வெளியே பட்டப்பகல் தெரியும். உள்ளே இடி இடிக்கும். பறந்து வரும் பேயின் முதுகில் கயிறு தெரியும். கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கும் குண்டு ஆள், தனக்குப் பக்கத்திலேயே பேயும் ஒளிந்திருப்பது தெரியாமல் அதனிடமே "போயிடுச்சா?" என்று கேட்பான். "இன்னும் இல்ல" என்று பேயும் ரகசியமாகச் சொல்லும். சொல்லும்போது அந்தப் பேயாக நடித்த பெண்ணுக்கே சிரிப்பு வந்து உதட்டைக் கடித்துக்கொள்வது தெரியும். இன்னொரு முறை எடுக்கக் கையில் காசில்லை போலிருக்கிறது, அப்படியே விட்டிருப்பார்கள்.

எனக்கு அந்தப் பேய்களைப் பிடித்திருந்தது. ஏமாற்றத் தெரியாத பேய்கள். எனக்கிருந்த பயங்களுக்குக் கயிறு தெரியவில்லை. இவற்றுக்குத் தெரிந்தது. கடைசியில் எலுமிச்சம்பழம் அறுத்தால் எல்லாம் முடிந்துவிடும். குண்டு ஆள் மயங்கி விழும்போதெல்லாம் வாய்விட்டுச் சிரிப்பேன். கூடத்தில் என் சிரிப்பு மட்டும் கேட்கும். உடனே நிறுத்திக்கொண்டு மகளைத் திரும்பிப் பார்ப்பேன், பயந்துவிட்டாளோ என்று. அவள் பயந்ததே இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் பந்தலிலிருந்து தண்ணீர்க் குடம் எடுக்க வந்தவர், எங்கள் வீட்டிலிருந்து வந்த அலறலைக் கேட்டுவிட்டார். அது பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தது.

"ஒன் மருமவ பேயோட குடித்தனம் நடத்துறாளாமே?" என்று மாமியாரைக் கேட்டிருக்கிறார்கள்.

"பேயாவது கூட இருக்கே. எம் மவன் எங்க இருக்கான்?" என்று அங்கே அவர்கள் வாயை அடைத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவிவிட்டு என்னருகே உட்கார்ந்தார்.

"ஏம்மா, அந்தக் கண்றாவிய மட்டும் விட்டுடேன். பயந்த புள்ளைக்கு எங்கேருந்து வாய் வரும்?"

"பாப்பா பயப்படல அத்தை."

"அது ஒனக்கு எப்படித் தெரியும்? சொல்லத் தெரிஞ்சாத்தானே சொல்லும்."

மறுநாள் மாலை இருவருமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலுக்குப் போனோம். தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள், வரிசையாக நின்ற குழந்தைகளின் முகத்தில் ஓதி ஊதிவிட்டுப் போனார்கள். மகள் ஒவ்வோர் ஊதலுக்கும் கண்ணை மூடிச் சிரித்தாள். அதன்பின் டிவியைத் தொடவில்லை. வீடு இன்னும் அமைதியானது. அந்த அமைதியிலும் அவள் பேசவில்லை.

சில வாரங்கள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு மதியம், சத்தத்தைக் குறைத்து வைத்து, அந்தச் சேனலைப் போட்டேன்.

வெள்ளைப் புடவையில் ஒரு பேய் பங்களாவின் மாடிப்படியில் இறங்கி வந்தது. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். இந்தப் பேய்க்குப் பாவியது. படி இறங்கும்போது புடவை தூக்கிக்கொண்டதில், உள்ளே ரப்பர் செருப்பு தெரிந்தது. பேயாக நடித்தவர் டீ குடிக்கப் போய்விட்டு வந்து கழற்ற மறந்துவிட்டார் போலிருக்கிறது. நான் சிரித்துவிட்டு, வழக்கம்போல மகளைப் பார்த்தேன். அவள் எழுந்து நின்று திரையை நோக்கிக் கை நீட்டினாள்.

"செப்பு" என்றாள்.

அவளை அள்ளிக்கொண்டேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொல்லவில்லை. என் செருப்பை எடுத்துவந்து காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். உண்மையில் சொன்னாளா, நான்தான் ஏங்கிப்போய்க் கேட்டுவிட்டேனா என்று மாலை வரை குழம்பினேன்.

மாமியார் வந்ததும், "பாப்பா இன்னைக்கு 'செப்பு'ன்னா அத்தை" என்றேன். எதைப் பார்த்துச் சொன்னாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"செப்பா!" மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பொட்டப் புள்ள இல்லையா, வெளயாடக் கேக்குது!" மறுநாள் பந்தலுக்குக்கூடப் போகாமல் கும்பகோணம் போய், மரச்செப்பு ஒன்று வாங்கிவந்துவிட்டார். சிவப்பும் மஞ்சளுமாகச் சின்ன அடுப்பு, உரல், உலக்கை, பானை. மகள் முன்னால் பரப்பி வைத்து, "சொல்லுடி தங்கம், செப்பு" என்று கெஞ்சினார். அவள் உலக்கையை வாயில் வைத்துக் கடித்தாள்.

"ஒனக்கு அப்படிக் கேட்டிருக்கும்மா" என்றார் கடைசியில், மிகவும் தணிந்த குரலில். என்னைத் திட்டியிருக்கலாம் என்றிருந்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. காற்றில் பந்தல் கீற்று பிய்ந்துபோய், மாமனார் அதைக் கட்டப் போக, மாமியார் வீட்டில் இருந்தார். மதியம் மழைச் செய்தி தேடிச் சேனல் மாற்றியபோது, அந்தச் சேனலில் அதே படத்தைத் திரும்பவும் போடப்போவதாக எழுத்து ஓடியது. அவர்கள் போட்ட படத்தையேதான் போடுவார்கள்.

"அத்தை, பாப்பா செப்பு சாமானக் கேக்கல. செருப்பத்தான் சொன்னா. ஒரு பேய்ப் படம் பாத்துட்டு. அந்தப் படம் இப்ப வருது."

மாமியார் சுவரோரமிருந்த பாயை எடுத்து விரித்தார்.

"போடு. அந்தப் பேயி என்னதான் சொல்லிக்குடுக்குதுன்னு நானும் பாக்குறேன்."

மூவரும் பாயில் உட்கார்ந்தோம். "இம்மாம் பெரிய பங்களா, கூட்டிப் பெருக்க ஒரு நாதி இல்லயா?" என்றார் மாமியார். பேய் வந்ததும், "சவுரி கோணலா இருக்கு பாரு. எவ வச்சுவுட்டா?" என்றார். குண்டு ஆள் பேயிடமே ரகசியம் கேட்டபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அந்தக் கூடத்தில் என் சிரிப்போடு இன்னொரு சிரிப்பும் கேட்டது அன்றுதான்.

பேய் படியிறங்கியது. புடவை தூக்கியது.

"செப்பு!" என்று கத்திய மகள், திரையிடம் போகவில்லை. நேரே வாசலுக்கு ஓடினாள். சாரலில் நனைந்துகிடந்த நீல வார்ச் செருப்பில் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். அப்போதுதான் பார்த்தேன், பேயின் செருப்பிலும் நீல வார்.

மாமியார் சிரிப்பை நிறுத்திவிட்டார். "எம் மவன் செருப்புடி அது" என்றார்.

மாலையில் என் கணவர் வீடியோவில் அழைத்தார். எப்போதும்போல முகமும் மார்பும், பின்னால் அடுத்தவரின் கட்டில் கம்பியும். இடுப்புக்குக் கீழே அவரைப் பார்த்து நாளாகிவிட்டது. 'அப்பாவைப் பாரு' என்றால் எப்போதும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறவள், அன்று செருப்பைப் போனுக்கு நேரே நீட்டினாள்.

"செப்பு."

"ஐயோ, பேசுறாளா! என்னங்குறா? செப்பா? வாங்கிக் குடுத்துரும்மா."

"செருப்புடா! ஒன் செருப்பு!" என்று பின்னாலிருந்து மாமியார் கத்தினார்.

எனக்கு ஏன் தோன்றியதோ தெரியவில்லை. "என்னங்க, உங்க காலைக் காட்டுங்க" என்றேன்.

"என்னது?"

"காலு. போனைக் கீழ காட்டுங்க. பாப்பா பாக்கட்டும்."

கூச்சமாகச் சிரித்தார். திரை ஆடியது. கட்டில் விளிம்பு, ஒரு வாளி, காயப்போட்ட கைலி, பிறகு சிமெண்டுத் தரையில் இரண்டு வெறுங்கால்கள். பூட்ஸ் அழுத்திக் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. மகள் குனிந்து பார்த்தாள். பிறகு கையிலிருந்த செருப்பை அந்தக் கால்களின் மேல், திரையோடு சேர்த்து வைத்து அழுத்தினாள்.

"செப்பு" என்றாள், போட்டுக்கொள்ளச் சொல்வதுபோல.

நாங்கள் காத்திருந்தோம். போன் கால்களைக் காட்டியபடியே நின்றது. அவர் அதை முகத்துக்கு உயர்த்த வெகுநேரமாயிற்று.