அம்மன் துணியை அவிழ்க்க அம்மனிடமே உத்தரவு கேட்டோம்

பாம்பு கடித்த மனைவியைப் படகில் கிடத்திவிட்டு, ஏரி நடுவில், ஓட மறுக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். எல்லம்மனை நம்பும் சொந்தங்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

போன வருடம் ஆடி மாதம், கடைசி வெள்ளிக்கிழமை. நாங்கள் சத்தியவேடு பக்கம் நெல் பயிரிடும் குடும்பம். எங்கள் குலதெய்வம் எல்லம்மன் கோயில் பழவேற்காடு ஏரித் தீவில் இருக்கிறது. வருடா வருடம் தடா பக்கத்துக் கரையிலிருந்து படகில் போய்ப் பொங்கல் வைப்போம். அன்று நான், மனைவி செல்வி, அவள் தம்பி தேவராஜ் மூவரும் போயிருந்தோம். படகு, அதை ஓட்டும் முனிரத்தினத்துடையது. படகின் பின்னால் மாட்டிய, தண்ணீருக்குள் கால் இறங்கியிருக்கும் மோட்டார். புதிதாக வாங்கியது. தீவில் இறங்கியதும் அதற்கும் பூஜை போட்டார். பூசாரி கொடுத்த மஞ்சள் துணியை மோட்டாரின் காலில் இறுக்கிக் கட்டினார்.

பொங்கல் இறக்கும் நேரத்தில் செல்வி அலறினாள். அடுப்புச் செங்கல் பக்கத்தில் விரியன். கணுக்காலுக்குக் கீழே கடித்துவிட்டது. தீவில் ஆஸ்பத்திரி இல்லை. காலை அசைக்காமல் தூக்கிப் படகில் கிடத்தினோம்.

பாதி ஏரியில் மோட்டார் கீச்சென்று கத்தியது. சூடு ஏறிவிட்டால் அப்படிக் கத்துமாம். முனிரத்தினம் அணைத்தார். ஆறவிட்டுப் போட்டார். கொஞ்ச தூரம் போனது. மறுபடி கத்தல். கண்ணுக்கு எட்டிய வரை வேறு படகு இல்லை. செல்வியின் கால் வீங்கிக்கொண்டே போனது.

"தண்ணி ஊத்துனா ஆறிடும் மாமா" என்று தேவராஜ் சொம்பில் மொண்டு மோட்டார் தலையில் ஊற்றினான்.

"டேய், அது இன்னா உங்க ஊட்டு எருமையா, குளிப்பாட்டிக்கினு கீற?" என்றார் முனிரத்தினம்.

நான் மோட்டாரைப் பார்த்தேன். பெட்ரோல் இருந்தது. ஆயில் இருந்தது. ஆனால் ஓடும்போது பின்னால் சிறு ஓட்டை வழியாகப் பீச்ச வேண்டிய தண்ணீர் வரவில்லை. ஏரித் தண்ணீரை உறிஞ்சித்தான் மோட்டார் தன்னைக் குளிர வைத்துக்கொள்கிறது என்று காலையில் முனிரத்தினமே பெருமையாகக் காட்டியிருந்தார். எங்கள் கிணற்று மோட்டாரில் தண்ணீர் உறிஞ்சும் அடிமுனையான ஃபுட்வால்வு அடைத்தால் தண்ணீர் ஏறாது. இதுவும் அதேதான். மோட்டாரைச் சாய்த்துக் காலைத் தூக்கிப் பார்த்தோம். தண்ணீர் இழுக்கும் சல்லடை மேலேயே மஞ்சள் துணி. அதன் மேல் பாசி சுற்றிப் பந்தாகியிருந்தது.

"அவுருங்க முனிரத்தினம்" என்றேன்.

"அண்ணா, அது அம்மன் துணி. உத்தரவு இல்லாம கை வெச்சா என் குடும்பம் வெளங்குமா?"

"கத்தியக் குடுங்க, நான் அறுக்கறேன்."

"வத்தண்ணா, வத்து!" என்று தெலுங்கில் தடுத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பாசியை மட்டும் பிடுங்கிப் போட்டார். துணி சல்லடையை மூடியபடி அப்படியே இருந்தது.

செல்வி கண்ணைத் திறந்தாள். "உத்தரவுதான வேணும்? என் தலப்பூவ வெச்சு அவளையே கேளுங்க. இல்லாட்டி நீங்க சண்ட போட்டுக்கினே இருங்க, நான் போய்ச் சேர்றேன்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. அம்மன் மேல் பூ வைத்துக் கேட்போம். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் கூடாது. முனிரத்தினம் அம்மன் துணி கட்டிய மோட்டாரை நிமிர்த்தி அதன் தலையில் பூவை வைத்தார். எந்தப் பக்கமும் விழவில்லை. தேவராஜ் ஊற்றிய தண்ணீரில் ஒட்டிக்கொண்டுவிட்டது!

நான் வேண்டிக்கொள்ளவில்லை, கத்தினேன். "அம்மா, உன் துணி பெருசா, உன் பொண்ணு பெருசா? சொல்லித் தொல!" சொன்ன பிறகுதான் உறைத்தது. தெய்வத்திடம் இப்படிப் பேசிவிட்டேனே.

காற்று இல்லை. படகு லேசாக ஆடியது. பூ நகர்ந்தது. நகர்ந்து வலப்பக்கம் விழுந்தது.

முனிரத்தினம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மோட்டாரை மறுபடி சாய்த்துத் தானே துணியை அறுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு செல்வியின் கையில் வைத்தார். மோட்டாரை இறக்கி, ஸ்டார்ட் கயிற்றை இழுத்தார். தண்ணீர் பீச்சி அடித்தது. கரை சேரும் வரை மோட்டார் கத்தவே இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். வீக்கம் வடிய நாளாயிற்று. ஆனால் பிழைத்தாள்.

முன்பெல்லாம் மனம் அமைதியான பிறகுதான் பூஜை அறைக்குள் போவேன். கோபமாக இருக்கும்போது தெய்வத்தின் முன் நிற்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படியில்லை. எரிச்சலோ அழுகையோ, இருக்கிறபடியே போய் நிற்கிறேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். நல்ல வார்த்தை வாயில் வரவில்லையே என்று வேண்டாமல் இருந்துவிடாதீர்கள். வருகிற வார்த்தையிலேயே கேளுங்கள்.

இதை எழுதும்போது அடுப்படியிலிருந்து செல்வி திட்டுகிறாள், சோறு ஆறிப்போகிறதாம். தாயே, இந்தக் குரல் நீ கொடுத்தது.