கஞ்சி போட்ட வெள்ளை அங்கி

லினன் துணியைக் காயவிட்டு மினுக்கக் கூடாது. ஈரம் இருக்கும்போதே இஸ்திரிப் பெட்டியை வைக்க வேண்டும். முழுக்கக் காய்ந்துவிட்டால் அதன் சுருக்கம் எந்தச் சூட்டுக்கும் பணியாது. ஊரில் இருந்தவரைக்கும் எனக்கு லினன் என்றால் என்னவென்றே தெரியாது. பருத்தி தெரியும், பட்டுத் தெரியும். இது ஆளி என்கிற செடியின் தண்டை ஊறவைத்து எடுக்கிற நார்.

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னில் ஒரு லோண்டரியில் மினுக்குகிற வேலை செய்தேன். கொழும்பில் ஒரு டாக்குத்தர் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தவன் நான். அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குக் குடிவந்தபோது என்னையும் கூட்டிவந்தார்கள். பிறகு சிட்னிக்கு மாறினார்கள். நான் போகவில்லை. புது இடத்தில் புது முகங்களோடு கதைக்க வேண்டிவருமே என்ற பயம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஆங்கிலமும் குறைவு. மினுக்குகிற இடத்தில் ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லை. எங்கள் ஆட்கள் யாராவது எங்கே வேலை என்று கேட்டால், ஒரு கொம்பனியில் என்பேன். ஊரில் உடுப்பு வெளுக்கிறவர்களை நாங்கள் எப்படி நடத்தினோம் என்பது எனக்குத் தெரியும்.

கடை யூதர்கள் நிறையப் பேர் வாழும் பகுதியில், ட்ராம் தெருவில் இருந்தது. முதலாளி போலந்தில் பிறந்தவர். அவருடைய மனைவியை நான் மிஸிஸ் என்று கூப்பிடுவேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. பிள்ளைகள் இல்லை. அவர்கள் என்னோடு கதைத்தது ஆங்கிலத்தில். அதை எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சில்தான் எழுத வருகிறது.

அந்த வருடம் தை மாதம் ஊரிலிருந்து தந்தி வந்தது. என் மனைவி காய்ச்சலில் இறந்துவிட்டாள். தந்தி என் கைக்கு வந்தபோது தகனமும் முடிந்திருந்தது. நான் அன்றைக்கும் வேலைக்குப் போனேன். தந்தியை மிஸிஸுக்குக் காட்டினேன். வேறு யாருக்கோ வந்த செய்தி தவறுதலாக என்னிடம் வந்துவிட்டது போல இருந்தது. சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன், ட்ராமுக்குச் சில்லறை கொடுத்தேன். ஒருநாள் கை பெட்டியில் பட்டுப் பொசுங்கியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மிஸிஸ்தான் ஓடிவந்து இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீருக்குக் கீழே பிடித்தார். "உனக்கு நோகேல்லையோ?" என்று கத்தினார். நோகும் என்று தெரிந்தது. நோகவில்லை.

இங்கே தை, மாசி கோடைக்காலம். அந்தக் கோடையில் உடம்பெல்லாம் எனக்குக் கொப்புளம். அப்போது எங்கள் ஆட்களிடம் நைலோன் சேட்டுக்குத்தான் மதிப்பு. தோய்த்து உதறிப் போட்டால் சரி, மினுக்கத் தேவையில்லை. மினுக்கிப் பிழைக்கிற நானும் அதைத்தான் போட்டேன். கடைக்குள் நீராவி, வெளியே வெயில். வேர்வை சேட்டுக்கும் முதுகுக்கும் நடுவில் தேங்கி நிற்கும். முதலாளி ஒருநாள் என் முதுகைப் பார்த்துவிட்டு, யாரோ எடுக்க வராமல் விட்ட லினன் சேட் ஒன்றை எறிந்தார்.

"அந்தப் பிளாஸ்டிக் பையைக் கழட்டிப்போட்டு இதைப் போடு. உன்னைப் பாக்க எனக்கு உடம்பு கடிக்குது."

லினன் வேர்வையைக் குடித்துக் காற்றுக்குக் கொடுத்துவிடும். தோலில் ஒட்டாது. தோய்க்கத் தோய்க்க மெதுமையாகும். நனைந்தால் இற்றுப்போகாது, பலம்தான் கூடும். கொஞ்ச நாளில் கொப்புளம் அடங்கிவிட்டது. உடம்பு சுகமானது தெரிந்தது. சந்தோசம் என்று ஒன்றும் வரவில்லை.

முதலாளிக்கு லினனில் இன்னொரு கண்டிப்பும் இருந்தது. அவர்களுடைய வேதத்தின்படி கம்பளியும் லினனும் ஒரே உடுப்பில் சேரக்கூடாது. புதுக் கோட்டு யாராவது கொண்டுவந்தால் கழுத்துப் பட்டியின் தையலைக் கொஞ்சம் பிரித்து, உள்ளே லினன் வைத்திருக்கிறதா என்று பார்ப்பார். ஏன் கூடாது என்று ஒருதரம் கேட்டேன். "கூடாது எண்டு சொல்லியிருக்கு. ஏன் எண்டு சொல்லேல்லை. கேட்டுப் பாக்க ஆளும் பக்கத்தில இல்லை," என்று மேலே கையைக் காட்டினார்.

பங்குனியில் அவர் படுக்கையில் விழுந்தார். வயிற்றில் கட்டி. அடுத்த வருடப் பண்டிகைக்கு அவர் இருக்கமாட்டார் என்பது அவருக்கும் தெரியும், மிஸிஸுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருவரும் வாயால் சொல்லவில்லை.

பண்டிகை என்றால் பெசாக். எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்கள் பாஸ்கா என்பார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன்பு முதலாளி என்னைக் கட்டிலருகே கூப்பிட்டு, அலுமாரியிலிருந்து ஒரு வெள்ளை அங்கியை எடுக்கச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே விழுகிற நீளம், அகலக் கை, ஒரு துணிக் கச்சை. பொக்கெற் இல்லை. முழுக்க லினன். மடிப்பு மடிப்பாகப் பழுப்பேறி இருந்தது.

"இதுக்குப் பேர் கிட்டல். கலியாணத்தண்டைக்கு இதைத்தான் போட்டனான். அவதான் தைச்சவ. சண்டை முடிஞ்ச நேரம், துணி எங்க கிடைச்சது? ஆரின்ரையோ மேசைத்துணி. வருசத்தில ஒருக்கா விரத நாளுக்குப் போடுவன், ஒருக்காப் பெசாக் மேசைக்கு. பிறகு ஒருக்கா." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப அதில நான் சூப்பு ஊத்தமாட்டன்."

அவர்களில் ஆண்களை அந்த அங்கியோடுதான் புதைப்பார்கள். இந்த வருடம் மேசையில் அதைப் போட்டுக்கொண்டு இருக்க வேண்டும், அதுதான் அவருக்குத் தேவை. கடை மெசினில் போடாமல் கையால் தோய்த்துத் தரச் சொன்னார். நான் என் வாடகை அறைக்குக் கொண்டுபோனேன். பழுப்புப் போகச் சவர்க்காரத்தில் ஊறவைத்து, நீலம் போட்டு அலசினேன். அவ்வளவோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் நல்லநாளுக்கு உடுக்கிற வேட்டியைக் கஞ்சி போடாமல் ஒருவரும் கொடுக்கமாட்டார்கள். சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, அதில் தோய்த்துப் பிழிந்தேன். ஈரத்தில் மினுக்கினேன். அங்கி பலகை மாதிரி நின்றது. தோளில் பிடித்தால் உள்ளே ஆள் இருப்பதுபோல இருந்தது.

பண்டிகை தொடங்குகிற நாள் மத்தியானம் கொண்டுபோனேன். கடை பூட்டியாகிவிட்டது. பின்வாசலில் மிஸிஸ் வாங்கினார். முதலில் முகம் மலர்ந்தது. பிறகு கீழ் ஓரத்தை விரலால் தடவினார். மடிப்புக்குள்ளிருந்து எதையோ நகத்தால் கிளப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்ன?"

"சோறு, மிஸிஸ்."

"சோறோ? சோறு ஏன் இதுக்குள்ள வந்தது?"

"கஞ்சி போட்டனான். நல்லா நிக்கும் எண்டு."

அவர் வாசல்படிக்கு இறங்கி, அங்கியை வீட்டு நிலைக்கு வெளியே நீட்டிப் பிடித்தார். அந்தப் பண்டிகையில் மாவு, பாண், புளித்த தானியம் ஒன்றும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. போலந்துப் பக்கத்து யூதர்கள் அரிசியையும் தொடமாட்டார்கள். இரண்டு கிழமையாக அவர் குசினி அலுமாரித் தட்டுகளைச் சுரண்டித் துடைத்து, கதிரைகளைக் கவிழ்த்துத் தட்டி, முதல்நாள் மெழுகுதிரி பிடித்து மூலை மூலையாகத் தேடியிருந்தார். நான் ஒரு பருக்கைச் சோற்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறேன்.

உள்ளே கட்டிலில் இருந்து முதலாளி கேட்டார். "என்ன சத்தம்? நான் செத்துப்போனனோ?"

"இஞ்சாருங்கோ, உங்கட ஆள் உங்கட கிட்டலைச் சோத்துப்பானைக்குள்ள போட்டு அவிச்சுக்கொண்டு வந்திருக்கிறார்!"

சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தது. "அரிசிதானே. கோதுமை இல்லையே. யேமன் நாட்டு ஆக்கள் பெசாக்குக்குச் சோறுதான் சாப்பிடுகினம்."

"அப்ப யேமனுக்குப் போய்ப் படுங்கோ."

"நான் அதைப் போடப்போறன். தின்னப்போறதில்லை."

"வருசா வருசம் உங்கட கை சூப்புக்குள்ள விழுறது. கஞ்சி சூப்புக்குள்ள போகும், சூப்பு உங்கட வாய்க்குள்ள போகும். வேண்டாம். ஒரு வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு இருங்கோ. இதை அடுத்த வருசம் போடலாம்."

தெருவில் ஒரு ட்ராம் போய் முடிந்தது. மிஸிஸ் அங்கியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். தான் சொன்னது அவருக்கே கேட்டுவிட்டது.

"பொக்கெற்றைக் காட்டு," என்றார் என்னிடம். நான் கால்சட்டைப் பொக்கெற்றுகளை வெளியே இழுத்துக் காட்டினேன். பாண் துகள் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். "கையை முழங்கை மட்டும் கழுவு. வா. பொழுதுபட முந்தி முடிக்கவேணும்."

பொழுதுபட்டால் பண்டிகை தொடங்கிவிடும். பிறகு அவர்கள் தோய்க்கவும் மாட்டார்கள், மினுக்கவும் மாட்டார்கள், மற்றவரைச் செய்யவிடவும் மாட்டார்கள். சித்திரை இங்கே இலையுதிர் காலம், வெயில் சீக்கிரம் சாய்ந்துவிடும். கொட்டிலில் இருந்த தொட்டியில் சுடுதண்ணீர் விட்டு இரண்டு பேரும் அலசினோம். கஞ்சி வழுவழுவென்று வந்தது. தண்ணீரை மாற்றினோம். திரும்ப மாற்றினோம். துணியை விரலுக்கு நடுவில் உரசி வழுக்கல் இல்லை என்று அவர் சொல்லும்வரை விடவில்லை. பழைய துணி, அவ்வளவு கசக்கியும் ஒரு நூல் விலகவில்லை.

வளவில் இருந்த சுழல்கொடியில் போட்டோம். காற்று இருந்தது. அவர் கொடிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து அதில் இருந்தார். நான் நின்றேன். வெயில் வேலியில் ஏற ஏறக் கொடியைச் சுழற்றி அங்கியை வெயிலுக்குக் கொண்டுவந்தேன்.

"பெண்டுகளுக்கும் இப்பிடி ஒரு உடுப்பு உங்கட ஆக்களிட்ட இருக்கோ?" என்று கேட்டார்.

"கூறைச்சேலை எண்டு இருக்கு. கலியாணத்துக்கு உடுத்துறது. புருசன் இருக்கச் செத்தால் அதைத்தான் உடுத்தி எரிப்பினம்."

"உன்ர மனுசிக்கு உடுத்தினவையோ?"

"உடுத்தியிருப்பினம்."

"நீ கேக்கேல்லையோ?"

"கேக்கேல்லை."

அவர் என்ன நிறம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அரக்குச் சிவப்பு. அது மட்டும் நினைவு வந்தது, அவள் முகம் வரவில்லை.

லினன் தண்ணீரை விடுகிற வேகத்தை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். சொட்டு நின்று, ஓரம் வெளிறி, நடு மட்டும் இருண்டிருந்தது. கம்பளி என்றால் மறுநாளும் காய்ந்திருக்காது. எடுத்துக்கொண்டு ஓடினோம். குசினிக்குள் என்னை விடவில்லை. நடையில் பலகையைப் போட்டு மினுக்கினேன். மிஸிஸ் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப ஜன்னலைப் பார்த்தார். இடுப்புப் பக்கத்தில் ஈரம் மிச்சம் இருந்தது.

"காணும். நிப்பாட்டு."

"ஈரம் இருக்கு, மிஸிஸ். அவருக்குக் குளிரும்."

"காணும் எண்டு சொன்னனெல்லோ."

முதலாளியை எழுப்பிக் கதிரையில் இருத்தினோம். கை நுழைத்தோம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கஞ்சியோடு இருந்திருந்தால் அந்த அங்கி தன்பாட்டில் நின்றிருக்கும். உள்ளே எவ்வளவு ஆள் இருக்கிறார் என்று தெரிந்திருக்காது. கஞ்சி போனபின் துணி தோளில் விழுந்து, எலும்பின் மேல் படிந்து, நெஞ்சுக்கூட்டின் பள்ளத்துக்குள் இறங்கியது. மிஸிஸ் கச்சையைச் சுற்றினார். இன்னொருதரம் சுற்றினார். மிச்சம் தொங்கியதைக் கையில் பிடித்தபடி என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கஞ்சியோட விட்டிருக்கலாம்," என்றார்.

முதலாளி கண்ணை மூடியிருந்தார். "குளிருது. நல்லாயிருக்கு. உடம்பில இருக்கிறது தெரியுது," என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சாப்பாட்டுக்கு வர இருந்தார்கள். என்னையும் இருக்கச் சொன்னார்கள். நான் இல்லை என்றேன். அத்தனை பேருக்கு நடுவில் இருந்து சாப்பிட என்னால் முடியாது. முதலாளியைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் மேசைத் தலைமாட்டில், தலையணை வைத்த கதிரையில் இருத்திவிட்டேன்.

"போக முந்தி லைற்றுகளைப் போட்டுவிடு," என்றார் மிஸிஸ். "பிறகு நாங்கள் சுவிச்சில கை வைக்கமாட்டம்."

நடைக்குப் போட்டேன், குளியலறைக்குப் போட்டேன். மேசை இருந்த அறையில் சுவர்ப்பக்கம் ஒரு சின்ன விளக்கு, முகட்டில் ஒரு பெரிய விளக்கு. சின்னதைப் போட்டேன்.

"அது காணும்," என்றார் மிஸிஸ் உடனே.

"பெரியதையும் போடு," என்றார் முதலாளி.

"இஞ்சாருங்கோ, கண்ணைக் குத்தும். ஆக்கள் வருகினம்."

"வரட்டும். வெள்ளை உடுத்துக்கொண்டு இருக்கிறன். பாக்கட்டும்."

நான் பெரிய விளக்கின் சுவிச்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். ஜன்னலில் வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. மிஸிஸ் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கழுத்தோரம் சரிந்திருந்த துணியை இழுத்துச் சரிசெய்தார். கை எடுத்ததும் அது திரும்பவும் சரிந்தது.

"போடு," என்றார்.

போட்டேன்.