கப்பல் ஏறாத மாமா

பேய், பிசாசு, ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் செத்துப்போன என் மாமா பாஸ்போர்ட் இல்லாமல் ஆஸ்திரேலியா போய்விட்டார் என்று ஒரு மத்தியானம் நம்பித் தொலைத்தேன். சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், பின்னால் தோதான இடம் வராது.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு ஊர். அங்கே அவருடைய முப்பாட்டன் கட்டிய ஓட்டு வீட்டில் இருந்தார்கள். மாமா காலமான பிறகு ஆஸ்திரேலியாவில் ஒரு மியூசியம் அந்த வீட்டைக் கேட்டது. ஒழுகுகிற வீடு, யார் பார்ப்பது என்று அக்கா மகன் கையெழுத்துப் போட்டுவிட்டான். தூண், உத்தரம், ஓடு எல்லாவற்றிலும் நம்பர் எழுதிக் கழற்றிப் பெட்டியில் அடுக்கி, கப்பலில் கொண்டுபோய் அங்கே அச்சு அசலாக நிறுத்திவிட்டார்கள். இங்கே மிச்சம் வெறும் மண்தரை.

அக்கா மட்டும் கிளம்பவில்லை. அந்தத் தரைக்கு ஓரமாக ஒரு தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டாள். வெளியே மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். காய்ச்சல் வந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், இன்னொரு மழைக்காலம் அங்கே படுத்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியே அனுப்பினார். திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வந்துவிடு என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"வூட்டப் பிரிச்சப்ப நெலைக்குச் சூடம் காட்டுனோம், அவுருகிட்ட ஒரு வார்த்த சொன்னோமாடா? வந்து தேடிக்கினு நிப்பாரு," என்றாள். "அவுரு வூட்ல அவுருக்குப் படையல் போடு. அப்பதான் நான் எழுந்து வருவேன்."

எங்கள் பக்கம் வருஷப் படையல் எப்படியென்றால், நடுவீட்டில் இலை போட்டு, செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து நிற்போம். அவர் வந்து சாப்பிடுவதாக ஐதீகம். இப்போது இலை இங்கே, கதவு கடல் தாண்டி. நான் மைக் செட் கடை வைத்திருப்பவன், எந்தச் சத்தத்தையும் எங்கேயும் கொண்டுபோவேன், இது என்ன பிரமாதம் என்று மியூசியத்துக்கு வீடியோ கால் ஏற்பாடு செய்தேன். அங்கே வேலை பார்க்கிற தர்ஷினி, இலங்கைத் தமிழ்ப் பெண், நல்ல பிள்ளை. எங்களுக்கு மத்தியானம் என்றால் அங்கே சாயங்காலம், கூட்டம் போனதும் தானே கதவைச் சாத்துகிறேன் என்றாள்.

நடுவீடு இருந்த இடத்தில் அக்கா இலை போட்டாள். கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு. மாமாவுக்கு வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, என்றால் உயிர். தின்றுவிட்டுத் தோலை நிலைக்கால் ஓரத்தில் சொருகிவைப்பார், அதற்காகவே கல்யாணம் ஆன நாளிலிருந்து அக்காவிடம் திட்டு வாங்கினார். அது பச்சை மல்லாட்டை கிடைக்கிற காலமில்லை, அதனால் கடையில் வறுத்ததை வாங்கி வைத்தோம்.

போனைப் பைக் சீட்டில் சாத்தி, இலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நானும் அக்காவும் நின்றோம். திரையில் மாமா வீட்டுக் கதவு, சாத்தியிருந்தது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், அப்போது ஒரு இருமல் கேட்டது. தொண்டையைச் செருமி, கடைசியில் லேசாக இழுத்துவிடுகிற இருமல். மாமாவுடையது.

ஒரு புளியங்கொட்டையைக்கூட உள்ளே விடாத நாடு, இந்த மனிதரை எப்படி விட்டார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அடுத்த நொடி பார்த்தால் நான் பைக்குக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கிருந்து ஆஸ்திரேலியாவில் இருக்கிற ஆவிக்கு ஒளிந்த ஒரே ஆள் நான்தான். கதவைத் திறக்காதே, அங்கிருந்து ஓடு என்று தர்ஷினியிடம் கத்தினேன், குரல் மைக் கூவுகிற மாதிரி வந்தது.

அவள் திறந்தே விட்டாள். துடைத்துவிட்ட தரை, காலி வீடு.

"இங்க ஒருத்தரும் இருமேல்ல, அண்ணை," என்றாள். "அது போனுக்குள்ளால வந்தது. உங்கட பக்கம்தான் ஆரோ."

எங்கள் பக்கம் நானும் அக்காவும். அக்கா இருமவில்லை. சுற்றிலும் அறுத்துப்போட்ட வயல், ஆள் அரவம் இல்லை. பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வெகுநேரம் மடக்கி வைத்த கால் மரத்துப்போகுமே, அந்த மாதிரி உள்ளே எல்லாம் மரத்துப்போய்விட்டது.

அக்கா திரும்பினாள். நேராக வாசல்நிலை இருந்த இடத்துக்குப் போய்க் குனிந்து, எதையோ வாரி முந்தானையில் போட்டுக்கொண்டாள்.

"எவ்ளோ சொன்னாலும் திருந்தாத மனுசன்," என்று முணுமுணுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அவுரு இங்கதான் இருந்துக்கினு கீறாரு. வூடு போனது அவுருக்குப் பெருசா தெரியல, நான்தான் உன்ன பேஜாரு பண்ணிக்கினு இருந்தேன். வண்டிய எடு தம்பி, போலாம்."

அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள், நன்றாக இருக்கிறாள். அந்த இருமலுக்கும் அக்கா வாரியெடுத்ததற்கும் காக்கா, அணில், நாய் என்று நானும் எல்லாக் கணக்கும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

கிளம்பும் முன் முந்தானையை என் கையில் உதறினாள். மல்லாட்டைத் தோல். இலையைப் போய்ப் பார்த்தேன், வைத்த மல்லாட்டை குவித்தது குவித்தபடி இருந்தது. நாங்கள் வைத்தது வறுத்தது. என் கையில் இருந்த தோல் வேகவைத்தது, உப்புத் தண்ணீர் விரலிடுக்கில் வழிந்துகொண்டிருந்தது.