அணைக்காமல் கொஞ்ச நேரம்

மெல்லிசாகத் தொடங்கிக் காது கூசும் உயரத்துக்குப் போய், பிறகு "புஸ்" என்று ஒரு பெருமூச்சோடு அடங்கும் விசில் சத்தம் ஒன்று, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுக் கார் ஷெட்டிலிருந்து கேட்டது. கடுகு வெடித்து முடிவதற்குள் கை தானாக அடுப்பை அணைத்துவிட்டது. கல்லூரியில் படிக்கும் என் மகன் ஜோயல் ஷெட்டுக்குள் ஏதோ செய்துகொண்டிருக்கிறான் என்று தெரியும். என்ன செய்கிறான் என்று கேட்கப் பயந்து கேட்காமலே இருந்தேன். அந்தச் சத்தத்தை இதற்கு முன் நான் ஒரே ஒரு கோடை விடுமுறையில்தான் கேட்டிருக்கிறேன். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தேன்.

எங்கள் அப்பா ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தார். அங்கே எந்த வண்டியும் கேட்டுக்கு ஓடிப் போகாது. கேட் கண்ணில் பட்டதுமே இன்ஜினை அணைத்து, மிச்சத் தூரத்தை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். முதலாளியின் காரானாலும் அப்படித்தான். அந்தப் பழக்கம் அப்பாவின் உடம்பில் ஏறியிருந்தது. வீட்டுக்கு வரும்போதும் தெருமுனையிலேயே மொபெட்டை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவார். சோறு பொங்கி இறங்குவதற்குள் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு அம்மாவிடம் ஏச்சு வாங்குவார்.

அப்படிப்பட்டவருக்குப் பிறந்த என் அண்ணன் ஜெபராஜுக்கு நெருப்பு பிடிக்கும். பாலிடெக்னிக் முடித்துவிட்டு விருதுநகரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தான். கோயம்புத்தூரில் ரேஸ் கார் தயாரிக்கும் ஒருவர் அவனிடம், "சாதாரணச் சின்னக் காரை நீயே வேகமா ஓட வச்சுக் கொண்டா, பாக்கலாம், நல்லா இருந்தா இங்கேயே வேலை" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கை வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டு மூன்று சிலிண்டர் காரை அண்ணன் அந்த விடுமுறை முழுக்கப் பிரித்துப் போட்டான். மல்லாங்கிணற்றில் நர்ஸாக இருந்த அம்மாவைக் கொண்டுபோய் விடுவதற்காக வாங்கிய பழைய கார் அது.

மதுரையில் ஒரு பழைய இரும்புக் கடையில், வெளிநாட்டு வேன் ஒன்றிலிருந்து கழற்றிய டர்போ அவனுக்குக் கிடைத்தது. பார்க்கச் சங்கு மாதிரி இருந்ததால் எங்கள் வீட்டில் அதற்குச் "சங்கு" என்றே பெயர். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை அதற்குள் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டலாம், வேகம் கூடும். சொல்லும்போது எளிதாகத்தான் இருந்தது. அந்த அமுக்கத்தில் இன்ஜின் உடையாமலிருக்க, இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் கனத்த செம்புத் தகட்டை வெட்டி வைத்தான். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டரைத் தகரப் பெட்டிக்குள் அடைத்தான், காற்று கசிந்தது, பிரித்தான், மறுபடி அடைத்தான். கசியாமலிருக்க இடையில் வைக்கும் கேஸ்கெட்டுக்கு அளவு பார்க்க, சுவரில் தொங்கிய வேத வசனக் காலண்டரை எடுத்து வெட்டினான்.

"வசனத்தையாலே வெட்டுற?" என்று அம்மா கேட்டாள்.

"வசனம் அப்படியே இருக்கும்மா. பின்னட்டையைத்தான் எடுத்தேன்."

"நல்லா இருக்கு. நான் பஸ்ல தொங்கிக்கிட்டுப் போறேன், நீ இங்கன உக்காந்து சங்கு ஊது."

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "நெருப்பை ஊதி ஊதிப் பெருசாக்கவாலே படிச்ச? அது பெருசாகாம இருக்கத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கான்" என்று ஒரு தடவை சொன்னார். பிறகு ஷெட் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார்.

ஆனாலும் முதல் ஓட்டத்துக்கு அண்ணன் அவரைத்தான் முன் சீட்டில் உட்கார வைத்தான். நான் பின் சீட்டில் இருந்தேன். சிவகாசி ரோட்டில் ஆளில்லாத ஒரு நேர் பாதையில் அவன் காலை அழுத்தியபோது அந்த விசில் கிளம்பியது. முதுகை யாரோ பிடித்துச் சீட்டோடு அமுக்கியது போல இருந்தது. வேலை முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போன கம்பெனி வேனை நாங்கள் தாண்டியபோது உள்ளேயிருந்த பெண்கள் ஜன்னலுக்கு வெளியே கைநீட்டிக் கூவினார்கள். அப்பா டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஏலே, இது நம்ம வண்டிதானா?" என்றார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் நான் நன்றாகப் பார்த்தேன்.

அந்தச் சிரிப்பை நம்பித்தான் அண்ணன் காரை அவர் கையில் கொடுத்தான். புதிதாகப் பூட்டிய இன்ஜின் கொஞ்ச நாள் ஓடிப் பழக வேண்டும். கோயம்புத்தூர் போவதற்கு ஒரு வாரம்தான் இருந்தது. அவனுக்கோ ஒர்க்‌ஷாப்பில் விடுப்பு கிடைக்கவில்லை.

"தினமும் கம்பெனிக்கு இதையே எடுத்துட்டுப் போங்கப்பா. ஒண்ணே ஒண்ணு. போய் நிறுத்துனதும் அணைச்சிராதீக. ரெண்டு நிமிஷம் சும்மா ஓட விடுங்க. சங்குக்குள்ள இருக்கிற தண்டு ஆயில்லதான் மிதக்குது. சூட்டோட அணைச்சா ஆயில் நின்னுபோகும், உள்ள இருக்கிறது கருகிரும்."

"கேட்டுலயா?" என்றார் அப்பா.

"எங்கனயோ. நிறுத்துற இடத்துல."

அப்பா சரி என்று தலையாட்டினார். அவ்வளவுதான் பேச்சு. கேட்டுக்கு முன்னால் எங்கே நிறுத்துவது என்று அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. சின்ன வயதில் எத்தனையோ தடவை அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய் அந்தக் கேட்டில் நின்றவன்தான் அண்ணன்.

அந்த வாரம் அப்பா காரைத் துடைத்துத் துடைத்துக் கொண்டுபோனார். தெருவில் கேட்டவர்களிடம், "மகன் செஞ்சது" என்றார். சனிக்கிழமை சாயந்தரம் திரும்பி வந்தபோது விசில் இல்லை. தகரத்தைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தமும், பின்னால் நீலப் புகையும் வந்தன. அண்ணன் அது ஆறும்வரைகூடப் பொறுக்காமல் துணியைச் சுற்றிக்கொண்டு கழற்றினான். தண்டு அசையவில்லை. ஆயில் போகும் துளையில் எண்ணெய் கருகி, அடிப்பிடித்த சட்டியைப் போலக் கறுத்து ஒட்டியிருந்தது.

"தினமும் கேட்டுல அணைச்சீகளா?"

"அங்கன ஓடுற வண்டியோட எப்படிலே நிக்க? தூரத்துல கேட்டைப் பாத்ததும் கை சாவிக்குப் போயிருது."

"நான் போகக்கூடாதுன்னு வேணும்னே செஞ்சிருக்கீக."

அம்மா, "ஏலே ஜெபா" என்று அதட்டினாள். அப்பா வாளியில் கை கழுவிக்கொண்டு உள்ளே போனார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. அண்ணன் சொன்னது பொய் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அந்த வார்த்தையை அவன் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கோயம்புத்தூர்க்காரர் வேறொருவனை வைத்துக்கொண்டார். பள்ளி திறக்குமுன் அண்ணன் ஓசூருக்குப் போய் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். நாளெல்லாம் ஒரே மாதிரி இன்ஜின்களில் ஒரே இடத்து நட்டுகளை முடுக்குகிற வேலை. கிறிஸ்துமஸுக்கு வந்தால் அம்மாவோடு பேசுவான், என்னோடு பேசுவான். அப்பா இருக்கும் அறையில் உட்காரமாட்டான்.

அதன் பிறகு அப்பா செய்த ஒரு காரியத்தை அவன் பார்க்கவே இல்லை. நான்தான் பார்த்தேன். அப்பாவுக்கு நான் சாப்பாடு கொண்டுபோக ஆரம்பித்திருந்த சமயத்தில் ஒரு நாள், கம்பெனிக்கு வெகுதூரம் முன்னால் உள்ள புளியமரத் திருப்பத்தில், ஓடிக்கொண்டிருக்கும் மொபெட்டின் மேல் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்தப் பழைய மொபெட்டில் டர்போவும் இல்லை, ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அணைத்து, இறங்கி, அங்கிருந்து கேட் வரைக்கும் வெயிலில் தள்ளிக்கொண்டு போனார். வேலையை விட்டு நிற்கும்வரை அப்படித்தான் போனார். ஏனென்று கேட்ட செக்யூரிட்டியிடம், "சூடு ஆறட்டும்னுதான்" என்றாராம்.

அப்பா இறந்த வீட்டுக்கு வந்த அண்ணனிடம், அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு இதைச் சொன்னேன். "எங்கன?" என்று கேட்டான்.

"புளியமரத் திருப்பத்துல."

"அங்கன நல்ல நிழல் இருக்கும்" என்றான். மறுநாள் காலையில் தன் காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டு வந்தான். ரோட்டை அகலப்படுத்தும்போது அந்த மரத்தை வெட்டியிருந்தார்கள். எந்த இடம் என்றே அவனுக்குப் பிடிபடவில்லையாம்.

இந்தப் பங்குனியில் அண்ணனும் போய்விட்டான். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், அவ்வளவுதான். ஓசூருக்கு லீவில் போய் மாமனோடு இருந்துவிட்டு வந்துகொண்டிருந்த ஜோயலுக்கு அண்ணன் என்ன சொல்லிக் கொடுத்தான் என்று எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. எங்கள் காரில் ஜோயலும் ஒரு சங்கைப் பூட்டியிருந்தான். வேகத்தையும் ரோட்டையும் நினைத்துக்கொண்டு நான் ஷெட் வாசலில் நின்றபோது, அவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"ஒரு வாரம் ஸ்கூலுக்கு நீங்களே இதை எடுத்துட்டுப் போங்கம்மா. மெதுவாத்தான ஓட்டுவீக, இன்ஜின் பழகிரும். ஆனா நிறுத்துனதும்..."

"அணைக்கக் கூடாது" என்றேன்.

அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "மாமா சொன்னாகளா? எங்கிட்டயும் சொன்னாக. வாயால சொன்னா மட்டும் பத்தாது, எங்கன நிறுத்தணும்னு கூடப் போய் இடத்தையும் காட்டிக் குடுத்துருன்னாக."

மறுநாள் அவன் என்னோடு வந்து, நான் வேலை பார்க்கும் பள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் காம்பவுண்டு ஓரமாக ஒரு வேப்பமரத்தடியைக் காட்டிவிட்டு இறங்கிப் போனான்.

அப்பா இல்லை, அண்ணன் இல்லை. அந்தப் பழைய மூன்று சிலிண்டர் காரை அந்தக் கோடைக்கு அடுத்த வருஷமே விற்றாயிற்று. அது நின்ற ஷெட் இருந்த இடத்தில் யாரோ வீடு கட்டியிருக்கிறார்கள். அப்பாவின் கம்பெனி கேட்டும் பூட்டிக் கிடக்கிறது. தினமும் காலையில் அந்த வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தியதும் என் கை சாவிக்குப் போகிறது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன்.

"அணைக்கலையா டீச்சர்?" என்று ஒரு நாள் பள்ளி வாட்ச்மேன் கேட்டார்.

"ஆறட்டும்ண்ணே" என்றேன்.