நான்காவது முனை

பிளஸ் ஒன் படித்தபோது திருவேட்டக்குடியிலேயே பஸ் ஏறிவிடுவதால் எனக்கு எப்போதும் உட்கார இடம் கிடைக்கும். கோட்டுச்சேரியில் என் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் ஏறுவார்கள். நிற்பவர்கள் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வைப்பது எந்த பஸ்ஸிலும் உள்ள வழக்கம்தான். மூன்று பைகளும் என் மடிக்கு வரும். அதைச் சிநேகம் என்று நம்பிய புத்திசாலி நான்.

சுவாமி ஊர்வலத்தில் மாம்பழம் வீசும் மாங்கனித் திருவிழாவுக்கு முந்தைய நாள் என் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள்.

"மாடிலேருந்து வீசுற மாம்பழம் ஒண்ணுகூட கைக்கு வர மாட்டேங்குதுடி. இந்தத் தடவ துப்பட்டாவ விரிச்சுப் புடிப்போம். நாலு முனைக்கும் ஆள் வேணும்."

அவர்கள் மூன்று பேர். நான் ஒருத்தி. கணக்கு எனக்கு உடனே வந்துவிட்டது. கூப்பிடவில்லை என்பது மட்டும் உறைக்கவில்லை. வாட்ஸ்அப் குரூப்பிலும் என்னைச் சேர்க்கவில்லை, மறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஃப்ரெண்ட்ஸோட போறேம்மா" என்றேன். அம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஒருநாளு நம்ம வீட்டுக்கும் கூட்டிட்டு வாயேன்" என்றாள்.

சுவாமி வரும் தெருவில், கூட்டத்தில் இடிபட்டு அவர்களைக் கண்டுபிடித்தேன். துப்பட்டாவை விரித்திருந்தார்கள். மூன்று முனைகள் மூன்று பேர் கையில். நான்காவது முனையைப் பூட்டிய கடையின் கம்பியில் கட்டியிருந்தார்கள்.

"நீயும் வந்திருக்கியா?" என்றாள் ஒருத்தி. பிறகு மாடியை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினாள்.

ஒரு முடிச்சை அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும்? நின்று பார்த்தேன். பழம் விழுந்தது, மூவரும் கத்திச் சிரித்தார்கள். நகர்ந்தேன். தள்ளுவண்டியில் இரண்டு மாம்பழம் வாங்கிப் போய், எங்கள் துப்பட்டாவில் விழுந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் பழங்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இனி அவர்கள் பையைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். "கால் வலிக்குது" என்று சொல்லவேண்டியதைக் கண்ணாடி முன் ஒத்திகையும் பார்த்தேன்.

அடுத்து பள்ளி திறந்த நாள் கோட்டுச்சேரியில் மூவரும் ஏறினார்கள். எனக்கு முன்சீட்டில் ஒரு அக்கா வெறும் மடியோடு உட்கார்ந்திருந்தார். அவர்கள் பார்வை அந்தப் பக்கம் போனது. எனக்குப் பகீரென்றது.

கேட்பதற்கு முன்பே இரண்டு கைகளையும் நீட்டிவிட்டேன். மூன்று பைகளும் மடிக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.