நீலம் முதலில் வந்தது

“இந்தக் கை சேர்த்து வெச்ச ரெண்டு பேரை இந்தக் கை பிரிச்சதா சரித்திரமே கிடையாது” என்று சொல்லும்போது வார்டன் தன் வலது கையை உயர்த்திக் காட்டுவார். கேட்பவர்களும் மரியாதைக்கு அந்தக் கையை ஒரு பார்வை பார்த்துவைப்பார்கள். சாதாரணக் கைதான். சுண்டுவிரலில் ஒரு மோதிரம், கட்டைவிரலில் அழியாத மை. ஆனால் வேலைக்குப் போகும் ஆண்கள் தங்கும் அந்த நான்கு மாடி விடுதியில் யார் எந்த அறையில் யாரோடு படுத்து எழுவது என்று தீர்மானித்துவந்தது அந்தக் கைதான். உலகத்தில் சமாதானம் நிலவாததற்கு அவரைக் கேட்டால் ஒரே காரணம்தான் சொல்வார். தன்னிடம் யாரும் யோசனை கேட்கவில்லை.

அவருடைய முறை மிக எளிமையானது. முதலில் வந்தவன் முதல்வன். ஜன்னலோரக் கட்டில், மின்விசிறி சுவிட்ச், கதவுச் சாவி மூன்றும் அவனுக்கு. பின்னால் வருபவன் மிச்சத்தோடு பழகிக்கொள்ள வேண்டியது. பழக மறுத்து யாராவது கீழ்த்தளத்தில் இருந்த வார்டன் வீட்டு முன்னறைக்கு வந்து முறையிட்டால் அதற்கும் மருந்து தயாராக இருந்தது. “பழகிடும்” என்பார். தலைவலிக்கும் அதே மருந்து, மூட்டைப்பூச்சிக்கும் அதே மருந்து.

அப்படிப்பட்டவருக்குப் பல்வலி வந்தது. பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஒரு கடல்மீன் தொட்டியைப் பார்த்தார். பவளக் கல்லுக்கு நடுவே நீலமும் ஆரஞ்சுமாக மீன்கள் ஒன்றையொன்று இடிக்காமல் போய்வந்துகொண்டிருந்தன. கட்டில் கேட்கவில்லை, சுவிட்ச் கேட்கவில்லை. பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வரும்போது வார்டனின் முகத்தில் வலி இல்லை, லட்சியம் இருந்தது.

மூன்றடித் தொட்டி முன்னறைக்கு வந்தது. உப்பு நீர், கற்கள், பம்பு, நீல விளக்கு எல்லாம் வந்து, தண்ணீர் தெளிந்தபின் மீன் தேர்ந்தெடுக்கப் போனார். கூட மனைவியும் போனாள். ஏனென்றால் வார்டன் கடைக்குப் போனால் கடைக்காரருக்குப் பாடம் எடுத்துவிட்டு, வாங்க வந்ததை மறந்துவிடுவார்.

“மூணடித் தொட்டிக்கு நாலைஞ்சு மீன் போதும் சார்” என்றார் கடைக்காரர். “கோமாளி மீன் ஒரு ஜோடி எடுத்துக்கோங்க. கூச்ச சுபாவம் உள்ளதை முதல்ல விடணும். அது இடம் பிடிச்சு நல்லா சாப்பிட ஆரம்பிச்சப்புறம் மத்தது. இந்த நீல டாம்சல் மீன் இருக்கே, பாக்க நகை மாதிரி இருக்கும். ஆனா வேணவே வேணாம். ஆசையா இருந்தா கடைசியா விடுங்க. முதல்ல விட்டா மொத்தத் தொட்டியும் தன்னோடதுன்னு நினைச்சுக்கும்.”

விடுதியில் பிள்ளைகளைச் சேர்க்க வரும் அம்மாக்களின் கவலையைக் கேட்கும்போது வைத்துக்கொள்ளும் முகத்தோடு வார்டன் இதைக் கேட்டார். கடைசியில் ஒரு மீனைக் காட்டினார். முன்பாதி பால்வெள்ளை, பின்பாதி கனல். முதுகில் கொடிக்கம்பம் போல ஒரு நீளத் துடுப்பு. “இது?”

“நெருப்பு மீன். பேருதான் நெருப்பு, ரொம்ப சாது. ஆனா மேல வலை போட்டுடுங்க சார், பயந்தா குதிச்சிடும்.”

“எங்க வீட்ல இதுவரைக்கும் யாரும் சுவரேறிக் குதிச்சதில்ல தம்பி” என்றார் வார்டன்.

மனைவி கடைக்காரரைப் பார்த்தாள். கடைக்காரர் மீன்களைப் பார்த்தார்.

எல்லாம் வார்டன் முறைப்படியே நடந்தது. விலை குறைவு, உடம்பு கெட்டி என்று முதலில் நீலத்தை விட்டார். அது வந்த அன்றே பெரிய கல்லின் குகையை எடுத்துக்கொண்டது. இரண்டு வாரம் கழித்துக் கோமாளி ஜோடி வந்தது. இரண்டாக இருந்ததால் ஒரு மூலையைச் சண்டை போட்டு வாங்கிக்கொண்டன. கடைசியாக வந்தது நெருப்பு மீன். ஏறக்குறைய அதே வாரத்தில் மூன்றாம் மாடி அறைக்கும், அண்ணன் கொண்டுவந்து விட, ஒரு புது ஆள் வந்து சேர்ந்தார்.

அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். முப்பதை நெருங்குகிற வயது, முன்தலையில் முடி விலக ஆரம்பித்திருந்தது. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். விடுதியில் அவருக்கு ‘மியூட்’ என்று பெயர் விழுந்தது. அவரை வார்டன் சேர்த்துவிட்ட இடம், பார்சல் வண்டி ஓட்டும் ஒருவரின் அறை. அந்த அறையில் வண்டிக்காரர் பல வருடமாகக் குடியிருந்தார். வந்துபோன துணைகள் பலர், யாரும் தங்கவில்லை. அவர்கள் எல்லாரும் தாமாகவே விடுதியைக் காலிசெய்து போனார்கள் என்பதால் வார்டனின் சரித்திரத்தில் கீறல் விழவில்லை.

தொட்டி அழகாகத்தான் இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் நீலத்தைத்தான் பார்த்தார்கள். அது கடிக்கவில்லை. நெருப்பு மீன் கல்லை விட்டு வெளியே வரும்போதெல்லாம் சும்மா அதை நோக்கி ஒரு பாய்ச்சல் பாயும், தொடாமல் திரும்பிவிடும். அவ்வளவுதான். ஆனால் ஒருமுறைகூட மறக்கவில்லை.

“ஏங்க, அந்த வெள்ளை மீன் சாப்பிட வரல” என்றாள் மனைவி.

“பழகிடும்.”

“பம்புக்குப் பின்னாடியே நிக்குது. உரசி உரசித் துடுப்பு கிழிஞ்சிருக்கு.”

“புதுசுல்ல. கொஞ்சம் ஒடுங்கித்தான் இருக்கும்.”

மூன்றாம் மாடியிலும் யாரும் யாரையும் அடிக்கவில்லை. மியூட் படிக்க உட்கார்ந்தால் விளக்கு அணையும். குளித்துவிட்டு வந்தால் கதவு உள்ளே தாழிட்டிருக்கும். படுக்கப் போனால் மெத்தையில் தண்ணீர் கொட்டியிருக்கும். “தெரியாம பட்டுடுச்சு” என்பார் வண்டிக்காரர், சிரிக்காமல். மியூட் கீழே வந்து நின்றார்.

“சார், ரூம் மாத்திக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்.”

“அடிச்சானா?”

“இல்ல சார்.”

“திட்டினானா?”

“பேசவே மாட்டாரு சார்.”

“அப்புறம் என்னப்பா? பேசாத ஆளோட என்ன சண்டை? பழகிடும்.”

அதன்பின் மியூட் அறை மாற்றம் கேட்கவில்லை. சாயங்காலங்களில் வந்து தொட்டியின் முன் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். வார்டனுக்குப் பெருமை. தன் தொட்டிக்கு ஒரு ரசிகர் கிடைத்துவிட்டார்.

“அது எங்க சார் தூங்குது?” என்று ஒருநாள் கேட்டார்.

“எது?”

“அந்த வெள்ளை.”

“பம்பு சந்துலதான். ஏன்?”

“சும்மாதான் சார்.” சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தார். சட்டைக்குள் ஆள் குறைந்துகொண்டே வந்தது போலிருந்தது.

அவர் போனதும் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள். “அந்தத் தம்பி மொட்டைமாடியில தண்ணித் தொட்டி ஓரமா படுக்குறாரு, தெரியுமா? பாயைப் பாத்தேன்.”

“காத்துக்குப் படுத்திருப்பான்.”

“ஆமா, மழையிலயும் காத்து வாங்குறாரு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொட்டியில் நெருப்பு மீனைக் காணோம். பம்பு சந்தில் இல்லை. கல்லுக்கு அடியிலும் இல்லை. வார்டன் டார்ச் அடித்துப் பார்த்தார். நீலம் குகை வாசலில் நின்று டார்ச்சைப் பார்த்தது. சந்தில் ஆள் இல்லாததால் இப்போது கோமாளி ஜோடியின் மூலைவரை ரோந்து போய்வந்தது.

“எங்கயாவது ஒளிஞ்சிருக்கும்” என்று உட்கார்ந்தார். ஆனால் டீ ஆறும்வரை குடிக்கவில்லை.

பெருக்க வந்த மனைவி செருப்பு அலமாரியின் பின்னாலிருந்து எதையோ துடைப்பத்தால் இழுத்தாள். காய்ந்த மிளகாய் என்று நினைத்திருந்தாள் போல. குனிந்து பார்த்ததும் நிமிரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பழைய தாள் ஒன்றில் அதை எடுத்து அவருடைய டீக்குப் பக்கத்தில் வைத்தாள். கொடிக்கம்பத் துடுப்பு மட்டும் இன்னும் நிமிர்ந்திருந்தது.

“உங்க ஆளு ரூமைக் காலி பண்ணிட்டாரு” என்றாள்.

வார்டன் டீயைத் தள்ளிவைத்தார்.

“பழகல போலிருக்கு.” துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனவள், வெறுங்கையோடு இறங்கி ஓடிவந்தாள். அவள் குரலில் கிண்டல் போய்விட்டிருந்தது. “ஏங்க. மொட்டைமாடியில அந்தத் தம்பி கைப்பிடிச் சுவர்மேல உக்காந்திருக்காரு. கூப்பிட்டேன், திரும்பல. காலு ரெண்டும் வெளிப்பக்கம் இருக்கு. நீங்க போங்க, நான் பின்னாடியே வரேன்.”

படிக்கட்டில் வார்டன் ஓடி யாரும் பார்த்ததில்லை. அன்றும் அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. முழங்கால்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் ஆட்சேபம் தெரிவித்தன. மாடிக் கதவைத் தள்ளித் திறந்தார்.

மியூட் திரும்பவில்லை. கொடியில் காய்ந்த போர்வை அவர் முதுகில் லேசாக இடித்துக்கொண்டிருந்தது.

“தம்பி” என்றார் வார்டன். மூச்சு வாங்கியது. “கீழ வாப்பா. எனக்கு ஒரு ஆள் துணை வேணும். தொட்டியில கல்லையெல்லாம் வெளிய எடுக்கணும். என்னால தனியா முடியாது.”



“எதுக்கு சார்?”

“நீலத்தைப் பிடிக்கணும். கல்லு இருக்கற வரைக்கும் அது சிக்காது.”

“அது பழகிடும்னீங்களே.”

“அது நல்லாவே பழகிடுச்சுப்பா. நான்தான் பழக்கிவிட்டேன்.”

கீழே தெருவில் ஏதோ வண்டி போனது. அது போய் முடியும்வரை வார்டன் சுவரோரமாக ஒவ்வொரு அடியாக நகர்ந்தார். மியூட் ஒரு காலை உள்பக்கம் போட்டார். கைக்கு எட்டும் தூரம் வந்ததும் வார்டன் அவர் முழங்கையைப் பிடித்தார். பிடித்த பிடி இறுக்கமாகத்தான் இருந்தது, விட்ட பிறகும் அந்தச் சட்டையில் கசங்கல் போகவில்லை. இன்னொரு காலும் உள்ளே வந்தது. கதவருகில் மனைவி நின்றிருந்தாள். ஒன்றும் கேட்காமல் மியூட்டுக்குப் பக்கத்திலேயே இறங்கி வந்தாள்.

உப்பு நீர் நிறைத்த வாளிகளில் கற்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கோமாளி ஜோடி ஒண்ட இடமில்லாமல் கண்ணாடியோடு ஒட்டி நின்றது. கடைசிக் கல்லும் போனபின் நீலம் வெறும் மணலுக்கு மேல் நின்றது. குகை இல்லாமல் பார்த்தபோது அது விரல் நீளம்தான். மியூட் வலையைப் பிடிக்க, வார்டன் கையாலேயே அதை வலைக்குள் ஒதுக்கினார். தனி வாளிக்குப் போனது. அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி மனைவி கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

“முதல்ல சாப்பிடுங்க” என்று மியூட்டிடம் சொன்னாள். “இன்னிக்கு இங்கேயே படுங்க. நாளைக்கு உங்க அண்ணனை வரச் சொல்லிப் பேசலாம்.” அவர் தலையசைத்தார்.

வார்டன் கையைக்கூடத் துடைக்கவில்லை. மூன்றாம் மாடிக்கு ஏறினார். வண்டிக்காரர் ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெட்டியை எடு. கீழ தனி அறை ஒண்ணு காலியா இருக்கு.”

“நானா? நான்தானே சார் இங்க முதல்ல வந்தது. போறதுன்னா புதுசா வந்தவன்தானே போகணும்? அதானே உங்க ரூலே?”

வார்டன் கட்டிலுக்கு அடியில் குனிந்து, தகரப் பெட்டியின் ஒரு பக்கப் பிடியை வலது கையால் பற்றி வெளியே இழுத்தார். கையிலிருந்து உப்புத் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.